18 முடிந்ததும் இல்லத்தை விட்டு வெளியேறும் பெண்ணுக்கு எப்படித் துணை நிற்பது?

கேள்வி: எங்கள் ஊரில் உள்ள குழந்தைகள் இல்லம் ஒன்றில் நானும் என் கணவரும் வாராவாரம் கணக்குப் பாடம் சொல்லித் தருகிறோம். அங்கே பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண்ணுக்கு வரும் மே மாதம் 18 வயது முடிகிறது. அப்பா, அம்மா இல்லை. "அதற்கு மேல் இங்கே வைத்துக்கொள்ள முடியாது, சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்" என்கிறார்கள். அவளுக்கோ நர்சிங் படிக்க ஆசை. நாங்கள் என்ன செய்யலாம்? பணம் கொடுத்தால் போதுமா, வீட்டுக்கே அழைத்து வந்துவிடலாமா?

பதில்: உங்களுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. மே மாதம் பெட்டியோடு வாசலில் நிற்கும்போது ஓடி வருகிறவர்கள் பலர். இப்போதே கேட்கிறீர்களே, அதனால் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இல்லத்தில் உங்களிடம் சொன்னது பாதிதான் சரி. 18 முடிந்தவர் குழந்தைகள் இல்லத்தில் தொடர முடியாது என்பது உண்மை. ஆனால் அதோடு அரசின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 46, இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்கு நிதி உதவி தர வழி செய்கிறது. 2016-ல் வந்த மத்திய அரசின் மாதிரி விதிகளில் 25-ஆவது விதி அதை விரித்துச் சொல்கிறது: இல்லத்துப் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டால் 21 வயது வரைக்கும், சிறப்புக் காரணம் இருந்தால் இன்னும் இரண்டு வருடம் கூட்டி 23 வரைக்கும் உதவி தொடரலாம். ஆறிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் வீடு, படிப்புக்கு உதவித்தொகை, தொழிற்பயிற்சி, தொடர்ந்து பேச ஒரு ஆலோசகர், சொந்தத் தொழில் தொடங்கக் கடன் ஏற்பாடு என்று அந்த விதியில் எல்லாமே இருக்கிறது. இதற்குப் பெயர் பிற்காப்பு. அலுவலகத்தில் போய்க் கேட்கும்போது ஆஃப்டர்கேர் என்றே சொல்லுங்கள், உடனே புரியும். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவுக்கு 2022-ல் வந்த வழிகாட்டுதலின்படி இதற்கு மாதம் 4,000 ரூபாய், அவளுடைய வங்கிக் கணக்குக்கே நேராக வரும்.

இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, சட்டம் இதைக் கட்டாயமாக்கவில்லை. கேட்டு, கோப்பு நகர்த்தி, உத்தரவு வாங்கினால்தான் கிடைக்கும். இரண்டு, இப்படி ஒன்று இருப்பதே வெளியே வருகிற பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. இல்ல நிர்வாகிகளில் சிலருக்கும் தெரியாது. அந்தப் பெண் வெளியேறும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பாகவே, வெளியேறிய பின் என்ன என்ற திட்டத்தை எழுதிக் குழுவிடம் தர வேண்டும் என்பது விதி. மே மாதம் என்றால் மார்ச்சுக்குள். மார்ச்சில் அவளுக்குப் பொதுத்தேர்வு, யாரும் இதை நினைத்துப் பார்க்க மாட்டார்கள். அதனால் நீங்கள் ஜனவரியிலேயே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரைப் பார்த்து, "இந்த இல்லத்துப் பெண்ணுக்கு மே மாதம் 18 முடிகிறது, அவளுடைய தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் அடுத்து என்ன எழுதியிருக்கிறது, ஆஃப்டர்கேருக்குப் பரிந்துரை போகுமா?" என்று கேளுங்கள். அவளுடைய கோப்பை அவர்கள் உங்களுக்குக் காட்ட மாட்டார்கள், காட்டவும் கூடாது. ஆனால் ஒருவர் வந்து கேட்டார் என்பதே கோப்பை நகர்த்தும். அவளும் தன் கைப்பட ஒரு மனு எழுதித் தரட்டும். இல்ல நிர்வாகத்தை எதிர்த்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். அவர்களிடம் சொல்லி, முடிந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலான இடங்களில் இரண்டு மூன்று பேர் அறுபது பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கை கூடினால் மகிழ்ச்சிதான் அடைவார்கள்.

இங்கிலாந்தில் பராமரிப்பிலிருந்து வெளியே வரும் இளைஞருக்கென்று உள்ளாட்சி ஒரு தனி ஆலோசகரை நியமிக்க வேண்டும், இளைஞர் விரும்பினால் 25 வயது வரை அது தொடரும் என்பது சட்டம். வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தவர் இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 21 வரை அதே வீட்டில் இருக்க 2014-ல் ஏற்பாடு வந்தது. அமெரிக்காவில் 2008-ல் வந்த மத்தியச் சட்டம், மாநிலங்கள் விரும்பினால் பராமரிப்பை 21 வரை நீட்டலாம் என்றது. வளர்ப்புப் பராமரிப்பில் இருந்து 18-ல் வெளியேறியவருக்கு 26 வயது வரை மருத்துவக் காப்பீடும் அங்கே உண்டு. அந்த நாடுகளிலும் இந்தப் பிள்ளைகள் வீடில்லாமல் தெருவுக்கு வருவது நின்றுவிடவில்லை. ஆனாலும் 18 என்பது ஒரு பிள்ளையைத் தனியே விடும் வயது இல்லை என்பதைச் சட்டத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளை 18-ல் யார் வெளியே அனுப்புகிறோம்? வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆனாலும் அம்மா டிபன் கட்டிக் கொடுக்கிற ஊர் இது.

சித்தி வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உறவினர் என்றாலே தப்பு என்று நினைக்க வேண்டாம். நல்ல சித்தி இருந்தால் அதைவிடப் பெரிய ஆதரவு எந்தத் திட்டத்திலும் கிடையாது. கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: இத்தனை வருடத்தில் சித்தி எத்தனை முறை பார்க்க வந்தார்? லீவுக்கு அவள் அங்கே போயிருக்கிறாளா? அந்த வீட்டில் எத்தனை பேர், அவள் எங்கே படுப்பாள்? படிக்க வைப்பதாகச் சொல்கிறாரா, மாப்பிள்ளை இருப்பதாகச் சொல்கிறாரா? எல்லாவற்றுக்கும் மேலாக, அவளுக்கு அங்கே போக விருப்பமா? 18 முடிந்தால் அவள் மேஜர். யாரும் அவளை யாரிடமும் ஒப்படைக்க முடியாது, அவளே முடிவு செய்யலாம். இதை அவளிடம் யாராவது தெளிவாகச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். பத்து வருடம் மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைக்கு, "உனக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வியே புதிதாக இருக்கும். முதல் தடவை கேட்டால் "நீங்க சொல்றபடி செய்றேன் மிஸ்" என்பாள். விடாமல், அவசரப்படுத்தாமல், திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

அவளுடைய பெற்றோர் கொரோனாவில் இறந்திருந்தால் இன்னொன்றும் இருக்கிறது. இருவரையும் கொரோனாவில் இழந்த பிள்ளைகள் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு வைத்து, 18 முடியும்போது வட்டியோடு தருவதாக 2021 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது. மத்திய அரசின் பி.எம். கேர்ஸ் திட்டத்தில் 23 வயதில் 10 லட்சம், இடையில் மாத உதவித்தொகை. இந்தப் பணம் வரும் நேரத்தில்தான் அதுவரை எட்டிப் பார்க்காத உறவுகள் சிலருக்குத் திடீரென்று பாசம் வருகிறது. கணக்கு அவள் பெயரில் மட்டும் இருக்கிறதா, பாஸ்புக்கும் ஏ.டி.எம். கார்டும் யார் கையில், கணக்கோடு இணைந்திருப்பது யாருடைய செல்போன் எண் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பெரிய தொகையை அவள் தொடாமல் வைப்பாகவே போட்டு வைப்பதன் லாபத்தைக் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நீங்கள் கணக்கு வாத்தியார்தானே, உங்களைவிட நன்றாக யாரால் சொல்ல முடியும்?

இனி காகிதங்கள். சலிப்பான வேலை, ஆனால் இந்தப் பிள்ளைகள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். ஆதாரில் முகவரி இல்லத்தின் முகவரியாக இருக்கும், செல்போன் எண் வார்டனுடையதாக இருக்கும், சில சமயம் எண்ணே இணைந்திருக்காது. 18-க்கு முன்பே அவள் பெயரில் இருக்கப்போகும் எண்ணுக்கு மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். மைனர் வங்கிக் கணக்கை மேஜர் கணக்காக மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் 18 முடிந்ததும் பணம் எடுக்க முடியாமல் நிற்கும், அரசின் 4,000 வந்தாலும் பயனில்லை. வாக்காளர் அட்டை, பான் கார்டு, பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், குழுவின் உத்தரவுகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, மூலப் பிரதி அவளிடமும் நகல் உங்களிடமும் இருக்கட்டும். பெற்றோரின் இறப்புச் சான்றிதழைத் தேடிப் பல ஊர் அலைய வேண்டியிருக்கலாம். அதற்கு இப்போதே புறப்படுங்கள், அட்மிஷன் நேரத்தில் முடியாது.

சாதிச் சான்றிதழ் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தனியாகவே இடம்பெற்றிருக்கிறார்கள். அப்பாவின் சாதியை நிரூபிக்க எந்தக் காகிதமும் இல்லாத பிள்ளைக்கு இது பெரிய கதவு. கல்லூரி இட ஒதுக்கீடு, உதவித்தொகை, பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை விடுதி எல்லாம் இந்த ஒரு சான்றிதழில் தொங்குகின்றன. உங்கள் பெண்ணுக்கு அது பொருந்துமா என்று பார்த்து, பொருந்தினால் இல்லத்தின் கடிதத்தோடு வட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள்.

நர்சிங் ஆசை நல்ல ஆசை. ஆனால் ஒன்றில் கறாராக இருங்கள்: அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர்த்துவிடாதீர்கள். தெருவுக்குத் தெரு "நர்சிங் படிப்பு, ஆறு மாதம், வேலை உறுதி" என்று போர்டு இருக்கும். அதை முடித்து வெளியே வந்தால் நர்ஸ் என்று பதிவு செய்யவே முடியாது. தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மகப்பேறு உதவியாளர்கள் கவுன்சில் அங்கீகரித்த நிறுவனமா என்று பார்த்த பிறகே ஃபீஸ் கட்டுங்கள். ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பிறகு அதை நீட்டித்திருக்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கு இதே போல் தமிழ்ப் புதல்வன் திட்டம். கல்விக் கடன் வேண்டியிருந்தால் வங்கியில் முதலில் கேட்பது, "அப்பா வரலையா?" என்பதுதான். கூட்டுக் கடன்தாரராகப் பெற்றோரோ பாதுகாவலரோ கையெழுத்துப் போட வேண்டும் என்பார்கள். நீங்கள் அந்த இடத்தில் கையெழுத்துப் போடத் தயாரா என்று கணவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். முடியாதென்றால் இப்போதே முடியாதென்று சொல்லிவிடுங்கள், அவள் வேறு வழி தேடலாம். பாதியில் பின்வாங்குவதுதான் கொடுமை.

படிப்பு சரிப்படாமல் வேலைக்குப் போக வேண்டியிருந்தால் "தங்கும் இடத்தோடு வேலை" என்று வரும் எதையும் நேரில் போய்ப் பார்க்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம். போக வீடில்லாத பெண்ணுக்கு ஹாஸ்டலோடு வரும் மில் வேலை வரமாகத் தெரியும். திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் மூன்று வருடம் முடித்தால் மொத்தமாகக் கல்யாணப் பணம் என்று பெண்களைக் கூட்டிப்போன சுமங்கலித் திட்டத்தில், வெளியே போக விடாமல் அடைத்து வைத்ததும் சொன்ன பணம் பலருக்கு முழுதாகக் கிடைக்காமல் போனதும் நமக்குத் தெரியும். வெளியே போக விடுவார்களா, போன் வைத்துக்கொள்ளலாமா, சம்பளம் மாதாமாதம் அவள் கணக்கிலேயே வருமா என்று கேளுங்கள்.

அப்புறம் பணம். 4,000 ரூபாயில் சென்னையிலோ கோவையிலோ ஒரு பெண்கள் விடுதியில் இடமும் சாப்பாடும் சேர்ந்து கிடைக்காது. அதனால் உங்கள் பணமும் தேவைப்படும். எவ்வளவு, எத்தனை வருடம் என்று முன்கூட்டியே தீர்மானித்து அவளிடம் சொல்லிவிடுங்கள். மாதம் 2,000 என்றால் 2,000, படிப்பு முடியும் வரை. மார்க் குறைந்தால் நிறுத்துவது, உங்களுக்குப் பிடிக்காத பையனோடு பேசினால் நிறுத்துவது என்று ஒருபோதும் போக வேண்டாம். தானம் வாங்கியே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள் முன்னால் வரிசையில் நின்று பாட்டுப் பாடி நன்றி சொல்லியே பழகியவர்கள். இன்னொரு நன்றிக்கடனை நீங்களும் தலையில் ஏற்றாதீர்கள். உதவி செய்வதைப் படம் பிடித்து முகநூலில் போடவும் வேண்டாம். இல்லத்துக் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடுக்கிறது. 18 தாண்டிய பிறகும், தான் எங்கே வளர்ந்தவள் என்பதை யாரிடம் சொல்வது என்பது அவள் முடிவு.

பணத்தைவிட அவளுக்கு அதிகம் இல்லாதது அன்றாட வாழ்க்கையின் பழக்கம். அறுபது பேருக்குக் காய் நறுக்கத் தெரியும், ஒருவருக்கு ஒரு டம்ளர் அரிசியில் சோறு வைக்கத் தெரியாது. கடைக்குத் தனியாகப் போய்ப் பேரம் பேசியிருக்க மாட்டாள். பஸ்ஸில் தனியாக ஏறியிருக்க மாட்டாள். கையில் 500 ரூபாய் இருந்து அதை மாதக் கடைசி வரை இழுத்துப் பார்த்திருக்க மாட்டாள். இதற்கு வகுப்பு எடுக்க வேண்டாம். குழுவிடமும் இல்லத்திடமும் முறையாக அனுமதி வாங்கி, ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வரட்டும். மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போங்கள், பணத்தை அவளிடம் கொடுத்து வாங்கச் சொல்லுங்கள், தப்பாக வாங்கினாலும் அதையே சமையுங்கள். வங்கியில் செல்லானை அவளே நிரப்பட்டும். செல்போனில் கடன் தரும் ஆப், ஓ.டி.பி. கேட்கும் போன் பற்றியெல்லாம் பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். தன் உடம்பு, மாதவிலக்கு, காதல், கருத்தடை பற்றிப் பயமில்லாமல் கேட்க ஒரு பெண் துணை அவளுக்கு அவசியம் வேண்டும், அது நீங்களாகவே இருக்கலாம்.

வீட்டுக்கே அழைத்து வந்துவிடலாமா என்று கேட்டீர்கள். 18 முடிந்தவள் விருப்பப்பட்டு உங்கள் வீட்டில் தங்குவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் நான் அதை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் அவள் யார் என்பது தெளிவாக இல்லாவிட்டால், மெல்ல மெல்லப் பாத்திரம் கழுவுகிற, மாமியாரைப் பார்த்துக்கொள்கிற ஆளாக அவள் ஆகிவிடலாம். யாரும் அப்படித் திட்டமிடுவதில்லை, நடந்துவிடுகிறது. "நீ எங்க பொண்ணு மாதிரி" என்று சொல்லிவிட்டு ஆறு மாதத்தில் ஒத்துவரவில்லை என்றால், ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்தவள் இரண்டாவது வீட்டையும் இழப்பாள். கல்லூரி விடுதியிலோ, அதே இல்லத்தில் வளர்ந்த அக்காக்கள் இரண்டு மூன்று பேரோடு வாடகை வீட்டிலோ அவள் தங்கட்டும். வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசவும் முன்பணத்துக்கும் நீங்கள் துணை நில்லுங்கள். உங்கள் வீடு அவள் வந்து போகிற வீடாக இருக்கட்டும்.

அந்த வந்து போகிற வீடு எதற்கென்றால், விடுதிகள் மூடும் நாட்களுக்கு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மே மாத லீவுக்கும் விடுதியைப் பூட்டிவிடுவார்கள். எல்லாரும் பை கட்டி ஊருக்குக் கிளம்பும்போது இவள் எங்கே போவாள்? வெளியே வந்த பிள்ளைகள் பலரும் தங்களை அதிகம் வதைத்ததாகச் சொல்வது இந்த நாட்களைத்தான். அதுபோல் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கூட இருக்க ஒருவர், வேலை விண்ணப்பத்தில் அவசரத் தொடர்புக்கு ஒரு எண், நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் எழுத ஒரு முகவரி. உங்கள் எண்ணையும் முகவரியையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நாளைக்கு ஒருவரைப் பிடித்திருக்கிறது என்று சொன்னால் அந்தப் பையனைப் பற்றி விசாரிக்க, பிரசவத்துக்கு ஒரு மாதம் வந்து இருக்க என்று இது நீளும். 21-ல் அரசு உதவி நின்ற பிறகும் நீளும். அதற்குத் தயாரானால் மட்டும் இறங்குங்கள். ஒரு வருட உற்சாகம் என்றால் பணம் மட்டும் கொடுத்துவிட்டு விலகி நிற்பது அவளுக்கு நல்லது.

கொஞ்ச காலம் அவள் உங்கள் போனை எடுக்காமல் போகலாம். முதல் வேலையை ஒரே மாதத்தில் விட்டுவிடலாம். வாங்கிக் கொடுத்த போனை விற்றுவிடலாம். கை விட்டவர்களையே அதிகம் பார்த்த பிள்ளை, நீங்களும் விடுவீர்களா என்று பார்க்கத்தான் செய்யும். கோபித்துக்கொள்ளுங்கள், திட்டவும் செய்யுங்கள், ஆனால் அடுத்த வாரம் மறுபடி போன் போடுங்கள். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற பேச்சு வந்தால் காத்திருக்காமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேசி, மனநல மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள்.

ஆண் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். "பையன்தானே, பிழைச்சுக்குவான்" என்று அவர்களை விட்டுவிடுகிறோம். ஓட்டலிலோ பட்டறையிலோ தூங்கிக்கொண்டு வேலை பார்க்கும் பையன்களுக்கும் மேலே சொன்ன அத்தனையும் தேவை. அதே இல்லத்தில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளை யாராவது 18-ஐ நெருங்கினால் அவருக்கு வழி வேறு. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் இடம்பெறும் மாவட்ட அளவிலான குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது இரண்டு. அவளோடு தனியாக உட்கார்ந்து, நர்சிங் கிடைக்காவிட்டால் அடுத்து எது, எங்கே தங்க விருப்பம், சித்தியைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று கேட்டு அவள் சொல்வதை அவள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு இல்லத் தலைவரைப் பாருங்கள், பிறகு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. குழுவின் உத்தரவு வந்ததும் அதில் எத்தனை வயது வரை, எந்தெந்த உதவி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அப்போதே கேட்டுத் திருத்தி வாங்குங்கள்.